பால் ஊற்றக் கூடாத செடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கைப் புதைக்கக் கூடாது. மண்ணின் மேல் அதைப் படுக்க வைத்து, வேர்களை மட்டும் இரண்டு பக்கமும் மண்ணுக்குள் இறக்கி அழுத்திவிட்டு, கிழங்கின் முதுகு வெயிலில் காயும்படி விட வேண்டும். குளத்தில் எருமை கிடக்குமே, அப்படி. இது எனக்கு 1967-லேயே சொல்லப்பட்டது. நான் கேட்கவில்லை. மதுரையில் தாவரவியல் படித்து முதல் வகுப்பில் தேறியவளுக்குக் கிழங்கு நடுவது எப்படி என்று ஒரு சலவைக்காரி சொல்லித்தருவதா என்று அலட்சியம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் ஒரு கல்லறை மேட்டில் குந்தியிருந்து தெரிந்துகொண்டேன்.

என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் காகிதத் தயாரிப்பு சம்பந்தமான ஆராய்ச்சி. அவர் பின்னாலேயே நானும் 1965 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, வடக்கே பார்த்த ஒரு பால்கனி. வெயில் என்பது எதிர் வீட்டுச் சுவரில் மட்டும் விழும். இந்தியச் சாமான் கிடைக்காது. புளிக்குப் பதில் எலுமிச்சை, கறிவேப்பிலைக்குப் பதில் ஒன்றும் இல்லை. அதெல்லாம் பெரிய கஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

1967 பிப்ரவரியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாத குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். பத்தொன்பது நாள் இருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பதிவு அலுவலகத்தில் கேட்டார்கள் என்று அவசர அவசரமாக வைத்த பெயர். அதை இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அது ஒன்றில்தான் எங்கள் வழக்கமும் இவர்கள் வழக்கமும் ஒத்துப்போனது. நகரத்துக்கு மேற்கே பைன் காட்டை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம். அதில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி. என் கணவர் ஏதோ அலுவலகத்தில் போய், ஏதேதோ தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நான் படுத்திருந்தேன். ஊரில் என்றால் அப்படிப் புதைத்த இடத்தை மறு மாதம் நானே கண்டுபிடிக்க முடியாது. இங்கே வரிசை போட்டு, எண் போட்டு, ஒரு முழத்துக்குக் கல்லும் வைத்துக் கொடுத்தார்கள். இது என் பிள்ளையின் இடம், இதில் யாரும் கைவைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடம் முடியும்வரை உயிரோடு இருந்தேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரைகளை நான் சாப்பிடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை என் கணவர் கண்டுபிடித்துக் கழிப்பறையில் கொட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன் பிறகு என்னைத் தனியாக விட்டு அவர் ஓர் இரவுகூட வெளியூர் தங்கியதில்லை.

புதைத்த மறுநாள் பால் ஊற்றுவது நம் வழக்கம். ஒரு நாளோடு முடிய வேண்டிய சடங்கு. எனக்கு முடியவில்லை. குழந்தை போய்விட்டது, மார்பில் பால் நிற்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், நர்ஸ் துணியை இறுக்கிக் கட்டினாள். ஊரில் என்றால் செடி மூட்டில் பீய்ச்சிவிடு என்பார்கள். நான் காலி ஜாம் பாட்டிலில் பிடித்து, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, டிராம் ஏறிப்போய் அந்த மேட்டில் ஊற்றிவிட்டு வந்தேன். என் பால் வற்றியதும் கடைப்பால். வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். என் கணவர் ஒருமுறை வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு நானும் கூப்பிடவில்லை.

பக்கத்துக் கல்லறை ஒரு நான்கு வயதுப் பையனுடையது. மூளைக் காய்ச்சலில் போனவன். அவன் அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள். கையெல்லாம் வெந்து சிவந்திருக்கும். அவளுக்கும் வெள்ளிக்கிழமைதான் மதியத்துக்கு மேல் ஓய்வு. மாதக்கணக்கில் தலையை மட்டும் அசைத்துக்கொண்டோம். ஜூன் மாதம் ஒருநாள் அவள்தான் கேட்டாள்.

"எதுக்குப் பால் ஊத்துறீங்க?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு சொல்தான் அதற்குப் பதிலாக வந்தது. "பசி" என்றேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தன் பையன் மேட்டில் களை பிடுங்குவதைத் தொடர்ந்தாள். இந்த ஊரில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதற்காகத்தான்.

அவள் மேட்டில் இருந்தது ஒரே ஒரு செடி. வாள் வாளாக இலை. அந்த ஜூனில் அது பூத்திருந்தது. இடுப்பு உயரத்துக்குக் காம்பு. பூவின் மேலே மூன்று இதழ் குவிந்து, வெள்ளை வெளேரென்று. கீழே மூன்று இதழ் தொங்கி, கருநீலம் கலந்த ஊதா. அந்த ஊதாவைச் சுற்றி நூல் பிடித்த மாதிரி வெள்ளைக் கரை. கீழ் இதழின் நடுவில் மஞ்சள் பூனை முடியாக ஒரு கீற்று. அதைத்தான் தாடி என்கிறார்கள், தாடி ஐரிஸ் என்று பெயரே அதனால்தான். இந்த ரகத்துக்கு ரைன்நிக்ஸெ என்று பெயர். ரைன் நதியில் இருக்கும் நீர்ப்பெண் என்று அர்த்தம் சொன்னாள். முதல் உலகப் போருக்கு முன்பே இந்த நாட்டில் உண்டாக்கிய ரகம். இப்போது கடைகளில் விற்கிற ஐரிஸ்கள் பாவாடை சுருக்கு வைத்தது போலப் பெரிது பெரிதாக இருக்கின்றன. மழை பெய்தால் தலை சாய்ந்துவிடும். இது சாயாது. வாசனையும் உண்டு, கிட்டே போனால்தான் தெரியும்.

செடி எங்கிருந்து வந்தது என்று அவள் சொன்னதை அன்று முழுதாக நான் புரிந்துகொள்ளவில்லை, பல வருடம் கழித்துத்தான் திரும்பக் கேட்டேன். அவளுடைய அம்மா வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. 1944 செப்டம்பரில் போர் விமானங்கள் குண்டு போட்டு நகரம் எரிந்தபோது அந்த வீடும் எரிந்தது. அவள் அப்போது கிராமத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். "அம்மாவும் அப்பாவும் நிலவறையிலிருந்து வெளியே வரலை. வசந்தத்தில் போய்ப் பார்த்தேன், இடிபாட்டுக்கு நடுவுல இது மட்டும் வந்திருந்தது" என்றாள். ஏதோ பேருந்து தாமதமாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஆகஸ்டில் அவள் தன் செடிக் குத்தைப் பிரித்தாள். அதுதான் காலம். பூ முடிந்து ஆறு வாரம் கழித்து, கிழங்கு புது வேர் விடுவதற்கு முன். மண் கிளறும் பெரிய முள்கரண்டியால் குத்து முழுவதையும் தூக்கி, நடுவில் இருக்கும் கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டு, ஓரத்துப் புதுக் கிழங்குகளைக் கத்தியால் வெட்டி எடுத்தாள். இலைகளை ஒரு சாணுக்கு நறுக்கினாள். அதில் நல்லதாக ஒன்றை என் கையில் வைத்தாள். புதைக்காதீர்கள், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டியே சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

கிழங்கு பார்ப்பதற்கு அச்சு அசல் இஞ்சி. எனக்கு இஞ்சி தெரியும், மஞ்சள் தெரியும். அவள் போனதும் நான் என் பாட்டுக்கு நட்டேன். அந்த இடம் வெறும் மணல். பிள்ளை கிடக்கும் இடம் இப்படிக் காய்ந்து கிடக்கலாமா என்று மக்கிய எருவைக் கூடையில் கொண்டுவந்து கலந்தேன். நாலு விரற்கடை ஆழத்தில் கிழங்கை வைத்து மூடினேன். தினமும் போக முடியாததால் போகும்போதெல்லாம் இரண்டு பூவாளித் தண்ணீர். வெள்ளிக்கிழமை பால். ஒரு செடிக்குச் செய்யக் கூடாததை எல்லாம் நான் ஆசை ஆசையாகச் செய்தேன்.

குளிர்காலம் காப்பாற்றிக் கொடுத்தது. 1968 ஏப்ரலில் வெயில் ஏறியதும் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மேட்டுக்கு அருகே போகும்போதே நாற்றம் அடித்தது. அழுகல் நாற்றம். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் நான் நினைத்ததை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கத்திவிட்டேன். தமிழில்தான் கத்தினேன்.

அவள் ஓடிவந்தாள். என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, செடியின் இலைகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. அடியில் கிழங்கு இல்லை, கஞ்சி போல ஒன்று ஒழுகியது. நாற்றம் அதிலிருந்துதான். எனக்கு உயிர் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தது.

"இதுதான். இது மட்டும்தான், வேற ஒண்ணுமில்லை" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அப்புறம், "நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? இது எங்க அம்மாவோடது. தெருவுல கிடந்ததை எடுத்துக் குடுக்கலை நான்!"

எனக்கு அழுகையோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. அவள் கோபம் தணியாமலேயே மண்ணைக் கிளறினாள். பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குட்டிக் கிழங்கு, பாதி அழுகி, பாதி கெட்டியாக அகப்பட்டது. பையிலிருந்து கத்தியை எடுத்து, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலைச் சீவினாள். மிச்சம் இருந்தது ஒரு பாக்களவு, ஒரு முளையோடு. வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் காய வையுங்கள், வெட்டுவாயில் கரித்தூளோ சாம்பலோ தடவுங்கள் என்றாள்.

மூன்றாவது மாடியில் சாம்பலுக்கு எங்கே போவது. எரிவாயு அடுப்பு. என் மாமியார் மாதம் தவறாமல் கடிதத்தோடு மடித்து அனுப்பும் திருநீற்றுப் பொட்டலங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. குழந்தை போனதிலிருந்து நான் அதைத் தொடவில்லை, சாமியோடு சண்டை. அதை எடுத்துக் கிழங்குக்குப் பூசினேன். என் கணவர் சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"அம்மா குடுத்து விட்டதா?"

"ஆமா. யாருக்காவது உபயோகப்படட்டும்" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். அவர் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடும்போது அவள் பக்கத்திலேயே காவலுக்கு நின்றாள். எருவை எல்லாம் வெளியே அள்ளிக் கொட்டவைத்தாள். பழைய மணலையே குவித்து, மேடு கட்டி, அதன்மேல் கிழங்கை உட்கார வைத்து, வேரை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, முதுகைத் திறந்து வைத்தோம். இலை விசிறி வடக்கே நிற்க, கிழங்கு முதுகில் தெற்கு வெயில் விழ. சுண்ணாம்பு மண் என்றால் இதற்குச் சந்தோஷம். நட்ட அன்று ஒரு தடவை தண்ணீர். வேர் பிடிக்கும்வரை மண் பொட்டலாகக் காய்ந்தால் இன்னொரு தடவை. அதற்கு மேல் வானம் பார்த்துக்கொள்ளும். பெயர்தான் நீர்ப்பெண், தண்ணீர் என்றால் ஆகாது. எல்லாம் முடிந்து நான் பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்தேன், கை தானாக எடுத்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே பால் கிடையாது" என்றாள். "செடியா, பாலா, நீங்களே முடிவு பண்ணுங்க."

என் பெண்ணுக்கு அப்போது பதினான்கு மாதம் ஆகியிருக்கும். பால் மறக்கடிக்கிற வயதுதான். வேப்பெண்ணெய் தடவிப் பிள்ளைகளை மறக்கடிப்பார்கள். எனக்கு ஒரு சலவைக்காரி மறக்கடித்தாள். பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து உறை ஊற்றி மோராக்கினேன். அந்த மோரைக் குடிக்க முடியவில்லை.

பாக்களவு கிழங்கு பூக்க இரண்டு வருடம் எடுத்துக்கொண்டது. 1969-ல் இலை மட்டும். நான் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன். இந்தச் செடி வளர்ப்பில் பாதி வேலை அதுதான். காய்ந்த வெளி இலையைப் பக்கவாட்டில் இழுத்து எடுக்கலாம். களையைக் கையால் பிடுங்கலாம், கொத்தக் கூடாது, வேர் மேலாகவே ஓடும். நவம்பரில் இங்கே எல்லாரும் கல்லறைகளை ஃபிர் மரக்கிளைகளால் மூடுவார்கள். பனிக்குப் போர்த்திவிடுவது போல அழகாகத்தான் இருக்கும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூட மாட்டோம். மூடினால் ஈரம் தங்கும், அழுகும். தோட்டக்காரன் எங்களைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பான். குளிர் அதற்கு வேண்டும். உறையும் குளிர் இல்லாத ஊரில் அது இலை விடுமே தவிர பூக்காது என்று அவள் சொன்னபோது, மதுரையில் இது பூக்காது என்று என் மனம் உடனே குறித்துக்கொண்டது. அதில் எனக்கு ஒரு திருப்தி. என் பிள்ளைக்கும் இந்தச் செடிக்கும் இந்த ஊர்தான், ஆகவே எனக்கும் இதுதான்.

1970 ஜூன் முதல் வாரம் பூத்தது. ஒரே காம்பு, ஏழு மொட்டு. ஒரு பூ இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அது வாடும்போது அடுத்தது திறக்கும். வாடியதைக் கிள்ளிவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும். தினமும் போனேன். முதல் பூ திறந்த அன்று, பிள்ளை பிறந்த அன்று வராத சந்தோஷம் எனக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

மறு வருடம் என் கணவருக்கு மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்கு அழைப்பு வந்தது. நல்ல பதவி. அவர் ஒரே பிள்ளை; அப்பா இல்லை, அம்மா திருநெல்வேலிப் பக்கம் தனியாக இருந்தார். கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"நீங்க போங்க. நான் வரலை" என்றேன். "பிள்ளையைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது? அங்க யாரு பார்ப்பா? ஒரு வருஷம் கவனிக்கலைன்னா மேடே தெரியாம களை மூடிடும்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். மென்று விழுங்கிவிட்டு, "சரி, எழுதிடறேன்" என்றார். அவருக்கு வாதாடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

1974 வசந்தத்தில் மாமியாரிடமிருந்து கடிதம், யாரோ எழுதிக் கொடுத்தது. கண் சுத்தமாகத் தெரியவில்லை, ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். திருநீறு இல்லை, அதை மடித்து வைக்க அவரால் முடியாமல் போயிருக்கும். என் கணவர் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்றார். என்னைத் தனியே விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும், பேசிக்கொள்ள மாட்டோம். மே மாதம் முடிகிற சமயம். செடி மொட்டு விட்டிருந்தது. அந்த வருடம் நாலு காம்பு.

"பூ முடியட்டும்" என்றேன்.

"எப்ப முடியும்?"

"ஜூன் கடைசிக்குள்ள."

ஜூன் இரண்டாவது வாரம் தந்தி வந்தது. அது வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி போட்டது அவருடைய பெரியப்பா மகன். என் கணவர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "பரவாயில்லை" என்றார். அந்தச் சொல் என்னை அறைந்தது. ஆனாலும் மறுநாள் நான் வாடிய பூவைக் கிள்ளப் போனேன்.

1977 ஜூன் கடைசியில் குழந்தைகள் பகுதியின் முகப்பில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதற்குள் எனக்கு ஜெர்மன் நன்றாக வரும், பல்கலைக்கழகத்தின் தாவரப் பிரிவில் உலர்ந்த செடிகளை ஒட்டிப் பெயர் எழுதும் வேலையில் இருந்தேன். இந்த இந்த எண் வரிசைகளின் காலம் முடிகிறது, கல்லையும் செடிகளையும் ஆகஸ்ட் முடிவதற்குள் குடும்பத்தார் எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு நிலம் சமன் செய்யப்படும் என்று எழுதியிருந்தது. எங்கள் எண்ணும் அதில் இருந்தது. ஏதோ தவறு என்று நினைத்தேன். சலவைக்காரி வரும்வரை அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றேன்.

"தப்பெல்லாம் இல்லை" என்றாள். "குழந்தைங்க வரிசைக்கு இவ்வளவு வருஷம்தான். நீட்டிக்க முடியாது. புதைக்கும்போதே கையெழுத்து வாங்கிடுவாங்களே. இப்பவும் எல்லாருக்கும் கடிதம் வந்தது. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

"பிள்ளை?" என்றேன்.

"அங்கேயேதான் இருக்கும். மேல புல் போடுவாங்க."

அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியும். இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்லறைக்குக்கூடத் தவணை உண்டு என்பது இவர்களுக்குப் பால்குடியிலேயே பழகிய விஷயம். நான் ஒருத்திதான் அதை நிரந்தரம் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு கோப்பினை எடுத்தார். எங்கள் வாடகை ஒப்பந்தமும் காப்பீட்டுத் தாள்களும் இருக்கும் கோப்புதான், நான் எத்தனையோ முறை தூசி தட்டியது. அதில் 1967-ன் தாள், அவர் கையெழுத்தோடு. அதன் மேல் இந்த வருடம் வந்த கடிதம்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"அன்னைக்கே தெரியும். பத்து வருஷமா தெரியும். என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தீங்களா?"

"எப்படிம்மா சொல்றது?" என்றார். "நீ அந்தச் செடியை வச்சுக்கிட்டுப் பிழைச்சுக்கிட்டிருந்தே."

வெங்காயத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் செய்ததை நான் மன்னிக்க முடியாது என்று அப்போது உறுதியாக நம்பினேன். என் பிள்ளையை இரண்டாம் முறை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கையெழுத்து. அதைப் போட்ட கை அவருடையது.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை செடியை எடுத்தோம். ஐரிஸ் பிரிக்க அதைவிடச் சரியான மாதம் கிடையாது. அவரும் வந்தார், நான் கூப்பிடவில்லை. இரும்புக் கதவில் நிற்காமல் உள்ளே வந்தார். பத்து வருடத்தில் முதல்முறை. எந்த மேடு என்று நான் காட்ட வேண்டியிருந்தது. முள்கரண்டியை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. குத்து ஒரு பாய் அளவுக்குப் பரவியிருந்தது. ஒன்றுகூட அழுகியிருக்கவில்லை. பதினெட்டுக் கிழங்கு தேறியது. இலையைச் சாணுக்கு நறுக்கி, மண் தட்டி, பெட்டியில் அடுக்கினேன். எங்கள் வடக்குப் பால்கனியில் அவை பிழைக்காது. நகரத்துக்கு வெளியே சலவைக்காரிக்குச் சின்னக் குத்தகைத் தோட்டம் ஒன்று இருந்தது. அவள் தன்னுடையதையும் என்னுடையதையும் இரண்டு சைக்கிள் பைகளில் தனித்தனியாக வைத்துக் கட்டினாள். "அடுத்த ஜூன்ல வாங்க" என்றாள். கை கொடுத்தாள். போய்விட்டாள்.

கல்லை எடுக்க ஆள் வந்தான். என் கணவர் அவனோடு சேர்ந்து தூக்கினார். கல்லின் பின்பக்கம் மண்ணில் புதைந்திருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்து என்ன ஆகப்போகிறது, அதை எடுத்துப்போகவா போகிறோம் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது டிராமில் கூட்டம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் நகக்கண்ணெல்லாம் மண். எனக்கு இந்த ஊர் மேல் இருந்த பிடி அந்த நிமிடம் சுத்தமாக விட்டுப்போயிற்று. இனி ஒரு நாள்கூட இங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு மாத மௌனத்தை எல்லாம் மறந்து, நல்ல செய்தி சொல்வது போல அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க, ஊருக்கே போயிடலாம். இனிமே இங்க நமக்கு என்ன இருக்கு."

அவர் நகக்கண்ணில் இருந்த மண்ணைச் சுரண்டினார்.

"போகலாம்" என்றார். "யாரைப் பார்க்க?"

அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நிஜமாகவே கேட்டார். அந்தத் தாள் கோப்பில் இருந்த பத்து வருடமும், மெட்ராஸ் கடிதம் வந்த அன்றும், பூ முடியட்டும் என்று நான் சொன்ன அன்றும், ஒரே ஒரு தடவை அதை எடுத்து என் முன்னால் போட்டிருந்தால் அவர் தன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். நான் பிழைத்திருப்பேனா என்பது வேறு விஷயம். அவர் தாளை எடுக்கவில்லை. அம்மாவா, நானா என்று ஒவ்வொரு தடவையும் தனக்குள்ளேயே கேட்டு, ஒவ்வொரு தடவையும் என்னைத் தேர்ந்தெடுத்து, அதை என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். நான் அந்த நேரம் செடிக்குத் தண்ணீர் கூடிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

யார் யார் இருக்கிறார்கள் என்று நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்குக் கொள்ளி போட்ட பெரியப்பா மகன் இருந்தார். அவர் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தது, இறங்கினோம்.